இங்கிலாந்தின் பழைய பண்ணை வீடுகள்: மரமும் செங்கல்லும், திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும்

இங்கிலாந்துக்கு வருகிற சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் அரண்மனை, தேவாலயம் என்று அழைத்துப் போய் அலுத்த பிறகு, கிராமப் பக்கம் பழைய பண்ணை வீடுகளைக் காட்ட ஆரம்பித்தேன். யார் வந்தாலும் கேள்விகள் மட்டும் மாறுவதே இல்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிப் பதில்களைக் கீழே போட்டிருக்கிறேன். பெரும்பாலும் தென்கிழக்கு, சஃபோக், நார்ஃபோக் அடங்கிய கிழக்கு ஆங்கிலியா, நடு இங்கிலாந்தான மிட்லண்ட்ஸ் பகுதிகளைப் பற்றித்தான் பேசுகிறேன். காட்ஸ்வோல்ட்ஸ் போலக் கல் தாராளமாகக் கிடைத்த இடங்களின் கதை வேறு.

பண்ணை வீடுன்னா பணக்காரங்க ஓய்வெடுக்கிற பங்களாவா?

இல்லை, உழுது பிழைத்தவர்களின் வீடு. ஆனால் ஏழைகளின் வீடும் இல்லை. சொந்த நிலமோ நீண்டகாலக் குத்தகையோ வைத்திருந்த, கையில் கொஞ்சம் காசு புரண்ட விவசாயிகள் கட்டியது. இவர்களில் வசதியானவர்களை யோமன் என்பார்கள். வீட்டைச் சுற்றித் தானியக் களஞ்சியம், தொழுவம் எல்லாம் இருக்கும். வீட்டுக்குள்ளேயே வெண்ணெய் கடைய ஓர் அறை, சீஸ் வைக்க ஓர் அறை, பீர் காய்ச்ச ஓர் இடம் என்று ஒதுக்கியிருப்பார்கள்.

அந்தக் காலத்துக் கூலிக்காரர்களின் குடிசைகள் கிட்டத்தட்ட எதுவுமே மிஞ்சவில்லை. அதனால் ஐந்நூறு வருஷ வீடு ஒன்றைப் பார்த்துவிட்டு, அப்போது ஜனங்கள் எல்லாரும் இப்படித்தான் வாழ்ந்தார்கள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

மொத்த வீடும் மரத்துலயா நிக்குது? அப்ப சுவர் எதையும் தாங்கலையா?

ஆமாம், மரம்தான் தாங்குகிறது. தரையிலிருந்து சற்று உயர்த்திக் கல்லோ செங்கல்லோ வைத்து ஒரு சிறு அடிச்சுவர், அதன் மேல் படுக்கையாக ஓர் அடிச்சட்டம், அதிலிருந்து எழும் தூண்கள், தூண்களின் தலைகளை இணைக்கும் மேல்சட்டம், வீட்டின் குறுக்கே போகும் விட்டம், அதற்கு மேல் கைமரங்கள். கூரையின் பாரம் இந்த வழியாகவே தரைக்கு இறங்கும். சட்டங்களுக்கு நடுவில் இருக்கும் சுவரை முழுக்கப் பிடுங்கி எறிந்தாலும் வீடு நிற்கும். குளிரும், அவ்வளவுதான்.

இன்னொரு முறையும் உண்டு. இயற்கையிலேயே வளைந்த ஒரு பெரிய மரத்தை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, இரண்டு பாதிகளையும் எதிரெதிரே நிறுத்தி உச்சியில் சேர்த்துவிடுவார்கள். அந்த ஜோடியே தூணும் கைமரமுமாக வேலை செய்யும். இதற்கு க்ரக் என்று பெயர். மேற்கிலும் மிட்லண்ட்ஸிலும் வடக்கிலும் நிறைய இருக்கிறது, ஆனால் கென்ட், எஸ்ஸெக்ஸ், நார்ஃபோக் பக்கம் கண்ணிலேயே படாது. ஏன் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இதன் பிரம்மாண்டத்தைப் பார்க்க வேண்டுமானால் வூஸ்டர்‌ஷயரில் உள்ள லீ கோர்ட் களஞ்சியத்துக்குப் போங்கள். 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, பிரிட்டனிலேயே பெரிய க்ரக் கட்டடம் அதுதான்.

ஏன் மரம்? அப்பவே செங்கல் தெரியாதா?

தெரியும். ரோமானியர்கள் சுட்டார்கள், அவர்கள் போனதும் அந்தத் தொழிலும் போயிற்று, மத்திய காலத்தில் மறுபடி வந்தது. சஃபோக்கில் லிட்டில் வென்ஹம் ஹால் என்று ஒரு செங்கல் மாளிகை 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே எழும்பிவிட்டது. ஆனால் சூளைக்கு விறகு, சுடத் தெரிந்த ஆள், வண்டிக் கூலி என்று கணக்குப் பார்த்தால் விவசாயிக்குக் கட்டுப்படியாகாது. ஓக் மரமோ பக்கத்துத் தோப்பிலேயே நின்றது.

பெரிய காட்டையே அழித்து ஒரு வீடு கட்டினார்கள் என்று நினைக்க வேண்டாம். சஃபோக்கில் 1500ஐ ஒட்டிக் கட்டிய ஒரு பண்ணை வீட்டின் சட்டங்களை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்த தாவரவியல் அறிஞர் ஆலிவர் ராக்கம், சுமார் 330 மரங்கள் போயிருக்கும் என்றார். எண் பெரிதாகத் தெரியும், ஆனால் அவற்றில் பாதி ஒல்லி மரங்கள். தச்சர் தனக்குத் தேவையான தடிமனில் மரம் பார்த்து வெட்டினார், பெரிய மரத்தை அறுத்துச் சிறிதாக்குவதை முடிந்தவரை தவிர்த்தார். வெட்டிய அடியிலிருந்து மறுபடி துளிர்க்க விட்டுத் தோப்பைக் காப்பாற்றினார்கள்.

இரும்பு ஆணியே இல்லாம எப்படி இணைச்சாங்க?

ஒரு சட்டத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, இன்னொன்றில் வெட்டிய துளைக்குள் நுழைத்து, குறுக்கே துளையிட்டு ஓக் மர ஆணி அடிப்பார்கள். ஆணிக்கான துளைகளை நேருக்கு நேர் போடாமல் வேண்டுமென்றே ஒரு நூல் தள்ளிப் போடுவது உண்டு. ஆணி இறங்க இறங்க அது கழுந்தை உள்ளே இழுத்து இறுக்கிவிடும்.

முக்கியமான சங்கதி, அவர்கள் ஓக்கைப் பச்சையாகவே பயன்படுத்தினார்கள். காய்ந்த ஓக்கில் உளி இறங்குவது பெரும்பாடு, பச்சை மரம் சொன்னபடி கேட்கும். வீட்டில் நின்றபடியே வருஷக்கணக்கில் காய்ந்து, சுருங்கி, முறுக்கிக்கொள்ளும். மூட்டுகள் அதனால் இன்னும் இறுகும். இந்தப் பச்சை மர விஷயத்தை நினைவில் வையுங்கள், கோணல் பற்றிய கேள்விக்கும் வயது பற்றிய கேள்விக்கும் இதுதான் திறவுகோல்.

இன்னொன்று, சட்டங்களைத் தச்சுப் பட்டறையிலேயே தரையில் பரப்பி, பொருத்திப் பார்த்து, கழற்றி, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எது எதோடு சேரும் என்று தெரிய மூட்டுகளில் ரோமன் எண்கள் மாதிரிக் கீறி வைப்பார்கள். உள்ளே போனால் தூணும் விட்டமும் சேரும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள், இன்றும் தெரியும்.

சட்டங்களுக்கு நடுவுல என்ன வச்சு அடைச்சாங்க?

பழைய முறை தட்டியும் மண்ணும். செங்குத்தாக ஓக் குச்சிகளை நிறுத்தி, ஹேசல் என்ற புதர் மரத்தின் கிளைகளைக் குறுக்கே பின்னி, களிமண், நறுக்கிய வைக்கோல், சாணம் குழைத்து இரு பக்கமும் அப்பி, மேலே சுண்ணாம்பு அடிப்பார்கள். சட்டம் அசைந்தால் இதுவும் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். விரிசல் விட்டால் மறுபடி பூசிக்கொள்ளலாம்.

பிற்காலத்தில் பலர் இதைத் தோண்டி எடுத்துவிட்டுச் செங்கல் வைத்தார்கள். சாய்த்துச் சாய்த்து மீன்முள் வடிவில் அடுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். படத்தில் அழகு. ஆனால் செங்கல் கனம், மழைநீரை உறிஞ்சிப் பக்கத்து ஓக்குக்கு ஓதத்தைக் கடத்தும், மரம் சுருங்கிய இடைவெளியில் காற்று புகும். தட்டியும் மண்ணுமே அந்த இடத்துக்கு மேல் என்பது என் கட்சி. அதற்காக இருநூறு, முந்நூறு வருஷமாக இருக்கும் செங்கல்லைப் பிடுங்கச் சொல்லவில்லை, அதுபற்றிக் கடைசியில் வருகிறேன்.

நடுக்கூடத்துல தரையிலேயே தீ மூட்டினாங்களாமே, புகை எப்படிப் போச்சு?

நன்றாகப் போகவில்லை என்பதுதான் நேர்மையான பதில். வெஸ்ட் சஸ்ஸெக்ஸில் சிங்கிள்டன் என்ற ஊரில் பழைய கட்டடங்களைப் பிரித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் திறந்தவெளி அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. அங்கே பேலீஃப் என்ற பண்ணை வீட்டுக்குள் நின்றால் விஷயம் புரிந்துவிடும். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்ட்டின் சிடிங்ஸ்டன் பக்கம் கட்டியது. நடுவில் தரையிலிருந்து கூரை வரை திறந்த கூடம், நடுத்தரையில் தீ. புகை மேலே ஏறிக் கூரைக்குள் மிதந்து, உச்சியில் விட்ட திறப்புகள் வழியாகவும் ஓடுகளின் இடுக்கு வழியாகவும் மெல்ல வெளியேறும். ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, மரக் கம்பிகளும் உட்பக்கம் மூடும் பலகைகளும்தான்.

கூடத்தின் ஒரு பக்கம் குறுக்கே போகும் நடைபாதை, அதைத் தாண்டி ரொட்டியும் பானமும் வைக்கும் இரண்டு சிறு அறைகள். மறு பக்கம் வீட்டுக்காரரின் மேசை, அதற்குப் பின்னால் குடும்பத்தின் தனி அறை. இரண்டு முனைகளும் மாடி உள்ளவை, நடு மட்டும் திறந்தது, மொத்தத்துக்கும் ஒரே கூரை. கென்ட், சஸ்ஸெக்ஸில் வீல்ட் எனப்படும் பகுதியில் நிறைய இருப்பதால் இந்த அமைப்புக்கு வீல்டன் வீடு என்று பெயர் வைத்துவிட்டார்கள். பேலீஃபின் தனி அறைப் பக்கம் சுமார் 1510இல் சேர்ந்தது, அதாவது ஆரம்பத்திலிருந்தே இந்த வீடு தவணை முறையில்தான் வளர்ந்திருக்கிறது.

இன்று எந்தப் பழைய வீட்டிலாவது பரணில் ஏறி, கைமரங்களில் பழைய கரி ஒட்டியிருப்பதைப் பார்த்தால், கீழே ஒரு காலத்தில் திறந்த கூடம் இருந்தது என்று தைரியமாகச் சொல்லலாம்.

அப்புறம் எப்போ புகைபோக்கி வந்தது?

விவசாயிகளின் வீடுகளுக்கு 16ஆம் நூற்றாண்டில். சிலர் முதலில் கூடத்தின் ஒரு பகுதியை மட்டும் தடுத்துப் புகைக்கென்று ஒதுக்கினார்கள், அது இடைக்கால ஏற்பாடு. பிறகு செங்கல் மலிவாக, முழுப் புகைபோக்கியே எழுந்தது. எஸ்ஸெக்ஸில் ராட்விண்டர் என்ற ஊரின் பாதிரியார் வில்லியம் ஹாரிசன் 1577இல் எழுதியதைப் பாருங்கள். தங்கள் நினைவுக்குள்ளேயே வியக்கும்படி மாறிப்போன விஷயங்கள் என்று ஊர்க் கிழவர்கள் அவரிடம் சொன்னவற்றில் முதலாவதே, புதிது புதிதாக முளைத்த புகைபோக்கிகள்தான்.

இந்த ஒரு மாற்றம் வீட்டையே புரட்டிப் போட்டது. புகை குழாய்க்குள் போய்விட்டதால் கூடத்தின் மேல் பாதி சும்மா கிடந்தது. குறுக்கே உத்தரம் போட்டுப் பலகை பரப்பினால் புது மாடி. மாடிக்குப் படிக்கட்டு, அறைக்கு அறை அடுப்பு. வீட்டின் நடுவில் முதுகோடு முதுகாக இரண்டு அடுப்புகள் வைத்த பெரிய செங்கல் புகைபோக்கி. 1609இல் கட்டிய பெண்டீன் பண்ணை வீடும் அதே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. பேலீஃபைப் பார்த்த கையோடு அதற்குள் நுழைந்தால் இருநூறு வருஷ வித்தியாசம் சில நிமிஷங்களில் தெரிந்துவிடும்.

ஆக, பல பண்ணை வீடுகளுக்குள் செங்கல் முதலில் நுழைந்தது சுவராக அல்ல, புகைபோக்கியாக. வரலாற்றாசிரியர் டபிள்யூ. ஜி. ஹோஸ்கின்ஸ் 1953இல் எழுதிய ஒரு கட்டுரையில் 1570 முதல் 1640 வரையிலான காலத்தைப் பெரும் மறுகட்டுமானம் என்றார். அந்த வருஷக் கணக்கை எல்லா வட்டாரத்துக்கும் பொருத்த முடியாது என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள், ஆனால் மாற்றம் நடந்தது உண்மை.

வெளியில முழுக்கச் செங்கல். இதைப் போய் மர வீடுங்கிறீங்களே?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி, ஏனென்றால் பெரிய நிபுணர்களே இதில் ஏமாந்த கதை ஒன்று இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் அம்மா மேரி ஆர்டன் பிறந்து வளர்ந்த வீடு என்று, ஸ்ட்ராட்ஃபோர்ட் அருகே வில்ம்கோட் கிராமத்தில் ஓர் அழகான மரச்சட்ட வீட்டைத் தலைமுறை தலைமுறையாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். 2000இல் ஆவணங்களைத் துருவியபோது, அது பக்கத்து வீட்டுக்காரர் ஆடம் பாமரின் வீடு என்று தெரிந்தது. உண்மையான ஆர்டன் வீடு அருகிலேயே இருந்த க்ளீப் ஃபார்ம். செங்கல் போர்த்தி, பிற்கால முகத்தோடு நின்றதால் யாரும் அதைச் சீண்டவில்லை. உள்ளே இருந்த மரத்தைச் சோதித்தால் சுமார் 1514 என்று வந்தது. நல்லவேளை, பண்ணையின் ஒரு பகுதியாக இருக்கட்டும் என்று ஷேக்ஸ்பியர் அறக்கட்டளை 1968லேயே அதையும் வாங்கி வைத்திருந்தது.

இப்படிச் செங்கல் போர்த்தியதற்குப் பல காரணங்கள். அடிச்சட்டம் மண்ணை ஒட்டி மக்கிப்போனால் கீழ்த்தளத்தை மட்டும் செங்கல்லில் கட்டிக்கொள்வது சுலபம். மாடி மரமாகவும் கீழே செங்கல்லாகவும் இருக்கிற வீடுகளில் பாதி இந்தக் கதைதான். 18ஆம் நூற்றாண்டில் மரம் பட்டிக்காட்டுத்தனம், செங்கல்தான் நாகரிகம் என்ற எண்ணமும் வந்தது. காசு இருந்தால் வாசல் பக்கம் மட்டும் செங்கல், பின்பக்கம் பழைய மரமே.

எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போங்கள், அங்கே பொய் சொல்ல யாரும் செலவு செய்திருக்க மாட்டார்கள். கூரை செங்குத்தாக இருக்கிறதா, புகைபோக்கி நடுவில் முளைத்திருக்கிறதா, வாசல் நிலையருகே சுவர் அளவுக்கு மீறித் தடிமனாக இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே மூலையில் தலைப்பக்கம் அகன்ற தூண் இருந்தால் சந்தேகமே வேண்டாம். மரத்தின் வேர்ப்பக்கம் பருமனாக இருக்கும் என்பதால் தூணைத் தலைகீழாக நட்டு, அந்தப் பருமனில்தான் விட்டத்தையும் மேல்சட்டத்தையும் சேர்த்துப் பூட்டுவார்கள்.

செங்கல்லைப் பார்த்தே வயசு சொல்லிடலாமா?

தோராயமாகத்தான். டியூடர் அரசர்கள் காலத்து (பெரும்பாலும் 16ஆம் நூற்றாண்டு) செங்கல் ஒல்லி, உயரம் 50 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும், வடிவமும் ஒழுங்கில்லை. இன்றைய பிரிட்டிஷ் செங்கல் 65. ஒரு வரி முழுக்க நீளப்பக்கம், அடுத்த வரி முழுக்கத் தலைப்பக்கம் தெரிய அடுக்கினால் அது இங்கிலீஷ் பாண்ட், பழையது. ஒரே வரியில் நீளமும் தலையும் மாறி மாறி வந்தால் ஃப்ளெமிஷ் பாண்ட். 1631இல் கட்டிய க்யூ அரண்மனை இதற்கு ஆரம்ப கால உதாரணம், பண்ணை வீடுகளுக்கு இது பரவ இன்னும் நாளாயிற்று.

1784இல் அரசு செங்கல்லுக்கு வரி போட்டது, ஆயிரத்துக்கு இரண்டரை ஷில்லிங். எண்ணிக்கைக்குத்தானே வரி என்று சிலர் பெரிய செங்கல் சுட்டார்கள். லெஸ்டர்‌ஷயரில் மெஷம் ஊரின் ஜோசப் வில்க்ஸ் கிட்டத்தட்ட இரட்டை அளவில் சுட்டுத் தள்ளினார், அந்தக் குண்டுச் செங்கல் வைத்த வீடுகள் அந்த ஊரில் இன்னும் நிற்கின்றன. 1803இல் பெரிய செங்கல்லுக்கு வரியை இரட்டித்து அந்த ஓட்டையை அடைத்தார்கள், 1850இல் வரியையே எடுத்துவிட்டார்கள்.

தென்கிழக்கில் இன்னொரு தந்திரம் உண்டு. செங்கல் மாதிரியே தெரியும் ஓடுகளை மரச்சட்டத்தின் மேல் ஆணியடித்து மாட்டிவிடுவார்கள். லூயிஸ் நகரில் நிறைய. வரியை ஏய்க்க வந்தது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள், ஆனால் இந்த ஓடு வரிக்கு முன்பே இருந்தது, ஓட்டுக்கும் 1784லேயே வரி போட்டுவிட்டார்கள்.

கறுப்புச் சட்டம், வெள்ளைச் சுவர், அதுதானே ஒரிஜினல்?

பெரும்பாலும் இல்லை. ஓக் தானாகவே வெயிலிலும் மழையிலும் வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். பல வீடுகளில் மரம், சுவர் என்று பார்க்காமல் மொத்தத்துக்கும் சுண்ணாம்பு அடித்தார்கள். தாரும் கறுப்புச் சாயமும் பூசி எடுப்பாகக் காட்டும் மோகம் பெரிதாகப் பரவியது விக்டோரியா காலத்தில். செஷயர், ஷ்ராப்‌ஷயர் பக்கம் இன்று அது ஊர் அடையாளமாகிவிட்டது, சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

சஃபோக், எஸ்ஸெக்ஸில் நேர் எதிர். சட்டமே தெரியாமல் சுண்ணாம்புப் பூச்சால் மூடி, இளஞ்சிவப்போ மஞ்சளோ அடித்து, சில இடங்களில் பூச்சிலேயே பூவேலை செய்வார்கள். ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் 1821ஆம் வருஷ வைக்கோல் வண்டி ஓவியத்தில் இடது ஓரம் நிற்கும் வீடு, சஃபோக்கின் ஃப்ளாட்ஃபோர்டில் உள்ள வில்லி லாட்டின் பண்ணை வீடுதான்.

மாடி ஏன் வெளியில துருத்திக்கிட்டு நிக்குது?

கீழ்த்தளத்துச் சுவரைத் தாண்டி மாடி உத்தரங்களை நீட்டி, அந்த முனைமேல் மாடிச் சுவரை நிறுத்தியிருக்கிறார்கள். மாடியில் கொஞ்சம் இடம் கூடும், சுவரின் பாரம் உத்தரத்தின் வெளி முனையை அழுத்துவதால் நடுவில் தொய்வு குறையும் என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். நகரத்தில் சரி. நாலு பக்கமும் வயல் இருக்கும் பண்ணை வீட்டுக்கு இடப்பஞ்சமா? முக்கியக் காரணம் பந்தா என்றே நினைக்கிறேன். பிற்காலத்தில் பலர் அந்தத் துருத்தலுக்கு நேர் கீழே செங்கல் சுவர் எழுப்பிச் சமமாக்கிவிட்டார்கள், அதுவும் மேலே சொன்ன போர்வை வேலையில் ஒன்று.

இவ்வளவு கோணலா இருக்கே, விழுந்துடாதா?

பச்சை மரம் காயக் காய முறுக்கிக்கொண்டது, பெரும்பாலான கோணல் முதல் சில பத்தாண்டுகளிலேயே வந்துவிட்டது. அப்போதிருந்து அப்படியே நிற்கிறது. சட்டத்தில் நீளவாக்கில் தெரியும் பிளவுகளும் காய்ந்தபோது வந்தவையே, அதற்குச் சிமென்ட் வைத்து அடைக்காதீர்கள்.

பயப்பட வேண்டிய கோணல் வேறு. யாரோ கதவு வைக்கக் குறுக்குச் சட்டத்தை அறுத்திருக்கலாம், விட்டத்தின் முனை மக்கியிருக்கலாம், தாங்கும் அளவுக்கு மேல் பாரம் ஏற்றியிருக்கலாம். செஷயரின் லிட்டில் மோர்டன் ஹால் பண்ணை வீடு இல்லை, மாளிகை. ஆனாலும் கீழ்த்தளங்களைக் கட்டிய பிறகு உச்சியில் நீண்ட கூடம் ஒன்றை ஏற்றி வைத்ததன் விளைவை அங்கே கண்ணாரப் பார்க்கலாம்.

உடைஞ்ச கப்பல் மரத்துலதான் கட்டினாங்களாமே?

எல்லா ஊரிலும் இந்தக் கதை உண்டு, கடலே எட்டிப் பார்க்காத ஊரிலும் உண்டு. சட்டங்களில் வெறும் துளைகள் தெரிவதுதான் காரணம். ஆனால் அவை அதே வீட்டில் முன்பிருந்த தடுப்புச் சுவருக்கோ ஜன்னல் கம்பிகளுக்கோ வெட்டியவை, இல்லையென்றால் இடித்த பழைய வீட்டின் சட்டத்தை மறுபடி பயன்படுத்தியதன் அடையாளம். வளைந்த சட்டத்தைப் பார்த்தால் உடனே கப்பல் என்கிறார்கள், வளைவு மரத்திலேயே இருந்தது. துறைமுகங்களை ஒட்டி உண்மையிலேயே கப்பல் மரம் வைத்த கட்டடங்கள் சில உண்டு, அதற்காக எல்லா உத்தரத்தையும் கடற்படையில் சேர்க்க வேண்டாம்.

ஜன்னலை அடைச்சிருக்கிறது வரிக்குப் பயந்துதானே?

சில சமயம். ஜன்னல் வரி 1696 முதல் 1851 வரை இருந்தது. ஆனால் அடைத்த ஜன்னல்களில் நிறைய, உள்ளே புகைபோக்கியோ படிக்கட்டோ வந்ததால் அடைத்தவை. பண்ணை வீட்டுக்கு ஒரு சலுகையும் இருந்தது. பால் அறைக்கும் சீஸ் அறைக்கும் வரி கிடையாது, ஆனால் இன்ன அறை என்று எழுதி வைக்க வேண்டும். கதவு நிலையில் அந்த எழுத்து மங்கலாக மிஞ்சியிருக்கும் வீடுகள் உண்டு, தேடிப் பாருங்கள்.

1514னு அவ்வளவு துல்லியமா எப்படிச் சொல்றாங்க?

மரத்தின் ஆண்டு வளையங்கள். மழை நன்றாகப் பெய்த வருஷம் வளையம் அகலம், வறண்ட வருஷம் ஒல்லி. உத்தரத்தில் பென்சில் பருமனுக்கு ஒரு துண்டைத் துளைத்தெடுத்து, அந்த வரிசையை ஏற்கெனவே வருஷம் தெரிந்த வரிசையோடு ஒப்பிடுவார்கள். பட்டையை ஒட்டிய கடைசி வளையம் இருந்தால் மரத்தை வெட்டிய வருஷமே கிடைக்கும், குளிர்காலமா கோடையா என்றுகூடச் சொல்லலாம். வெளிப்பகுதி செதுக்கப்பட்டுவிட்டால் ஒரு கால இடைவெளியைத்தான் தர முடியும்.

பச்சையாகவே பயன்படுத்தினார்கள் என்று முன்பு சொன்னேனே, அதனால் வெட்டிய வருஷத்துக்கும் கட்டிய வருஷத்துக்கும் அதிக தூரமில்லை. மாட்டிக்கொள்வது மறுபயன்பாட்டுச் சட்டத்தில்தான். அதனால் ஒரே ஒரு உத்தரத்தை வைத்து முழு வீட்டுக்கும் வயது சொல்பவரை நம்பாதீர்கள்.

உத்தரத்துல எரிஞ்ச தடம், காம்பஸ் வச்சு வரைஞ்ச பூ எல்லாம் இருக்கே, அது என்ன?

கண்ணீர்த்துளி வடிவத்தில் கருகிய தடங்களை, மெழுகுவர்த்தி தவறிச் சுட்டது என்று முன்பு தள்ளிவிட்டார்கள். செய்து பார்த்தால் நிதானமாகச் சுடரைச் சாய்த்துப் பிடித்தால்தான் அந்த வடிவம் வருகிறது. வட்டத்துக்குள் ஆறிதழ்ப் பூவும் அப்படித்தான், வேண்டுமென்றே போட்டது. அடுப்பைச் சுற்றியும் கதவு, ஜன்னல் அருகேயும் இவை அதிகம் என்பதால், கெட்டது உள்ளே வராமல் காக்கும் குறிகள் என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். சூனியக்காரிக் கதையை இதற்கு மேல் நீட்டுபவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கை தேவை, சில பூக்கள் தச்சர் காம்பஸ் பழகியதாகவும் இருக்கலாம்.

கரையான் அரிக்காதா?

இங்கிலாந்தில் கரையான் இயல்பாக இல்லை. அங்கே எதிரி வண்டு. ஓக்கின் வெளிப்பகுதியைத் தின்னும் சிறு வண்டு பார்க்க அசிங்கமாகத் துளை போடும், ஆனால் நடுமரம் கெட்டி, அதைத் தொடாது. ஆபத்தானது டெத்வாட்ச் எனப்படும் வண்டு, ஈரத்தில் பூஞ்சை பிடித்த ஓக்குக்குள் வருஷக்கணக்கில் குடியிருந்து குடையும். வசந்த காலத்தில் இணையைக் கூப்பிட மரத்தில் தலையை மோதி டக் டக் என்று சத்தம் எழுப்பும். மருந்து அடிப்பதற்கு முன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

சிமென்ட் பூசினா இன்னும் உறுதியாத்தானே இருக்கும்?

இந்த வீடுகளுக்கு அதுதான் எமன். மண்ணும் சுண்ணாம்பும் நனைந்தால் நனையும், காற்றடித்தால் காய்ந்துவிடும். சிமென்ட் பூச்சில் மயிரிழை விரிசல் வந்து, அதன் வழியாக உள்ளே போன தண்ணீர் திரும்பி வர வழியில்லாமல் ஓக்கின் மேலேயே நிற்கும். வெளியே பளபளவென்று இருக்கும், பத்து இருபது வருஷம் கழித்துத் தட்டினால் அடிச்சட்டம் தூளாகக் கொட்டும். முன் கேள்வியில் சொன்ன பூஞ்சையும் வண்டும் வருவது இப்படித்தான். பழைய செங்கல்லுக்கும் இதே கதி. மென்மையான செங்கல்லுக்கு நடுவில் கெட்டியான சிமென்ட் சாந்து வைத்தால், ஈரம் செங்கல் வழியாகவே வெளியேறி, பனியில் உறைந்து முகம் உதிரும். சுண்ணாம்புச் சாந்து கலக்கத் தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள், கூலி கூடத்தான் ஆகும்.

நான் ஒண்ணு வாங்கினா இஷ்டத்துக்கு மாத்திக்கலாமா?

முடியாது. 1700க்கு முன்னால் கட்டி ஓரளவு பழைய நிலையிலேயே இருக்கும் வீடு என்றால் அநேகமாகப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும். தரம் ஒன்று, நட்சத்திரக் குறி போட்ட தரம் இரண்டு, வெறும் தரம் இரண்டு என்று மூன்று படிகள், பத்தில் ஒன்பது கட்டடங்களுக்கு மேல் கடைசித் தரத்தில்தான். தரம் குறைவு என்பதால் விதி தளராது. உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர், படிக்கட்டு, அடுப்பு எல்லாம் சேர்த்துத்தான் பாதுகாப்பு. உள்ளாட்சியின் அனுமதி இல்லாமல் அதன் தன்மையை மாற்றினால் குற்ற வழக்கு. முன்பிருந்தவர் செய்த திருட்டு வேலையைச் சரிசெய்யச் சொல்லி இப்போதைய உரிமையாளருக்கு உத்தரவு வரலாம், அதனால் வாங்கும் முன் ஒவ்வொரு மாற்றத்துக்கும் காகிதம் கேளுங்கள்.

செங்கல் போர்வையை உரிச்சுட்டுப் பழைய மர வீடாவே ஆக்கிடலாமே? அதுதானே உண்மையான வீடு?

எந்த வருஷத்து வீடு உண்மை? பேலீஃபை எடுத்துக்கொள்ளுங்கள். கென்ட்டில் நீர்த்தேக்கம் வரவிருந்ததால் 1960களின் கடைசியில் பிரித்துக் கொண்டுவந்தார்கள். பின்னால் நுழைந்த மாடியையும் புகைபோக்கியையும் விட்டுவிட்டு, சுமார் 1540இல் இருந்திருக்கக்கூடிய வீடாக நிறுத்தினார்கள். திறந்த கூடம் எப்படி இருக்கும் என்று நமக்குக் காட்ட அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அதற்கு விலை, அந்த வீட்டில் அதன் பிறகு வாழ்ந்தவர்களின் பல நூற்றாண்டு. இடம் மாற்றாவிட்டால் தண்ணீருக்குள் போயிருக்கும் என்பதால் நான் குறை சொல்ல மாட்டேன்.

குடியிருக்கும் வீட்டில் இதைச் செய்ய எந்த நியாயமும் இல்லை. தேவாலயங்களை இப்படி ஆதிக்குக் கொண்டுபோகிறேன் என்று சுரண்டித் தள்ளியதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். பழுது பார், பின்னோக்கி மாற்றாதே என்பது இன்றும் அவர்கள் நிலைப்பாடு. நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. செங்கல் வைத்த கொத்தனார் பெரும்பாலும் பெரிய ஜன்னலுக்காகப் பழைய சட்டங்களை அறுத்திருப்பார், மக்கிய தூணை எடுத்துவிட்டுப் பாரத்தைச் செங்கல் மேல் இறக்கியிருப்பார். உரித்தால் பின்னால் முழு மரச்சட்டகம் காத்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, கூரையைத் தாங்கிக்கொண்டிருந்ததே அந்தச் செங்கல்தான் என்பது உரித்த பிறகு தெரிய வரலாம்.